கான்ராட் ஆற்றின் நடுவே நிற்கிறார்

வாகனத்திடம் பொய் சொல்வது பாவமா என்னும் வினாவைச் சேன்-ஃபிதேல் ஊரின் பங்குத்தந்தை ஒருபோதும் எழுப்பியதில்லை. எழுப்பியிருந்தால் ஊரில் பாதிப்பேர் பாவசங்கீர்த்தனக் கூண்டின் முன் வரிசையில் நிற்க நேர்ந்திருக்கும். மீதிப்பேரிடம் மின்வண்டி இல்லை.

அப்பொய்யின் இலக்கணம் பின்வருமாறு. கியூபெக் குளிரில் மின்வண்டியின் மின்கலம் கல்லாய் இறுகிவிடும். அந்நிலையில் அதனை விரைவு மின்னேற்றியில் செருகினால், மின்சாரம் பழுதுற்ற குழாயில் சொட்டும் நீரைப்போல் இறங்கும். முன்கூட்டியே சூடேற்றப்பட்ட மின்கலமே விரைந்து உண்ணும். சூடேற்றுவதற்கென்று ஒரு பொத்தானை வண்டியில் வைத்திருந்தால் சிக்கல் அத்துடன் தீர்ந்திருக்கும். வண்டியைச் செய்த நிறுவனமோ, பொத்தான் என்பது பண்பாடற்ற காலத்தின் எச்சம் என்று கருதியது. வண்டிக்குள் பதிக்கப்பட்ட வழிகாட்டியிடம் போகுமிடத்தை அறிவித்தாலொழிய மின்கலம் சூடாகாது. பிறந்தது முதல் அதே சாலையில் நடமாடுபவரும், மளிகைக்கடையின் பின்புறத்து மின்னேற்றிக்குப் போக அதனிடம் வழி கேட்டாக வேண்டும். அம்மின்னேற்றியோ வழிகாட்டியின் வரைபடத்தில் இல்லை. ஆகவே ஊரார், தொலைவிலுள்ள ஏதேனும் ஓர் ஊரின் பெயரைச் சொல்வார்கள். நெடும்பயணத்தை நம்பி வண்டி தன் உடலைச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போதே மளிகைக்கடைக்குப் பின்னால் திருப்பி நிறுத்திவிடுவார்கள். "இன்னிக்கு எங்க போறதாச் சொன்னே?" என்பதே அங்கே குளிர்கால நலவிசாரணை.

ஓவீத் பெலீல் இவ்வழக்கத்திற்குப் புதியவர். ஐம்பதைக் கடந்தவர், தனித்து வாழ்பவர், ஆற்றங்கரை நெடுகிலும் உள்ள முதியோர் இல்லங்களுக்குச் சென்று செவிக்கருவி பொருத்துவது அவர் தொழில். முந்தைய இலையுதிர்காலத்தில், ஒருவர் ஓட்டி முடித்த நீலநிற மின்வண்டி ஒன்றை வாங்கினார். முதல் நாள் அதனுள் அமர்ந்து கதவைச் சாத்தியதும் இருக்கை தானாகவே பின்னோக்கி நகர்ந்தது. கால்கள் மிதிக்கட்டையை எட்டவில்லை. கண்ணாடிகள் மெல்லிய முனகலோடு திரும்பின. அவற்றில் ஓவீத்துக்குப் பின்னாலிருந்த சாலை தெரியவில்லை, அவரைவிட உயரமான ஒருவருக்கான வானம் தெரிந்தது.

"வணக்கம், கான்ராட்," என்றது வண்டி. கனிவான பெண்குரல். "வீட்டுக்குச் செல்வோமா?"

திரையில் ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள பெல்-ரீவ் ஊரும், அங்கே ஒரு தெருவின் கடைசியில் சிறிய வீட்டுச் சின்னமும் ஒளிர்ந்தன.

ஓவீத்தின் தமக்கை கிஸ்லேன், நெடுஞ்சாலை ஓரத்தில் பூட்டின் என்னும் சிற்றுண்டி விற்கும் கடை வைத்திருந்தாள். வறுத்த உருளைக்கிழங்கின் மீது பாலாடைக்கட்டியைத் தூவிக் குழம்பை ஊற்றியவாறே இச்செய்தியைக் கேட்டாள்.

"யாருடா அந்தக் கான்ராட்? அந்தப் பக்கம் எவளாவது உன்னை வேற பேர்ல வச்சிருக்காளா?"

"செகண்ட் ஹேண்ட் வண்டிக்கா. பழைய ஓனர் பேரு போகமாட்டேங்குது. மனுஷன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சாம்."

"செத்தவன் சீட்டுலயா உட்கார்ந்து சுத்துறே? இறங்கிக் கை கழுவிட்டு வா முதல்ல."

ஓவீத் நிறுவனத்தின் பரிவு மையத்தைத் தொலைபேசியில் அழைத்தார். இனிய இசையை ஒரு பிற்பகல் முழுதும் கேட்ட பின்னர் மனிதக்குரல் ஒன்று வாய்த்தது.

"வணக்கம் மிஸ்யூ கான்ராட், என்ன உதவி வேணும் சொல்லுங்க."

"நான் கான்ராட் இல்லைங்க. அதான் பிரச்சினையே."

"கான்ராட் இல்லைன்னா கான்ராட் வண்டியில எப்படி இருக்கீங்க?"

"நான் வாங்கிட்டேன். அவர் பேரையும் வீட்டையும் எடுத்துவிடணும்."

"ரொம்ப சுலபம், மிஸ்யூ. அவரை டிரைவர் சீட்டுல உட்காரச் சொல்லுங்க. அவர் குரல்லயே 'என் வீட்டை மறந்துவிடு'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும்."

"அவர் செத்துப்போயிட்டாருங்க."

சற்று நேரம் விசைப்பலகை தட்டப்படும் ஓசை கேட்டது.

"கேட்கவே கஷ்டமா இருக்கு. எங்க ஆழ்ந்த அனுதாபங்கள். அவருக்கு எந்தக் கிழமை வசதிப்படும்?"

ஓவீத் அன்றைக்கு அம்முயற்சியைக் கைவிட்டார். இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, கண்ணாடிகளைத் தாழ்த்திக்கொண்டு, ஊராரைப் போலவே அவரும் பொய் சொல்லக் கற்றார்.

குளிர் முற்றிய வேளையில் நிறுவனம் நேர்மைப் பயணத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. ஒரு நாள் காலையில் ஊரிலிருந்த எல்லா மின்வண்டிகளின் திரைகளிலும் ஒரே அறிவிப்பு தோன்றிற்று: "அன்பரே, நம் உறவு நம்பிக்கையின் மீது எழுப்பப்பட்டது. அறிவித்த இடங்களுக்கு நீங்கள் சென்று சேரவில்லை. வண்டி இதற்காக மனம் வருந்தவில்லை, ஆயினும் குறித்துக்கொண்டது." அன்றுமுதல், சொன்ன இடத்துக்குச் சென்று சேராதவரின் மின்கலம் சூடேற்றப்படமாட்டாது, பழைய பொய்களை மெய்யாக்கிய பின்னரே நம்பிக்கை மீளும்.

ஊர் தவிர்க்கவியலாத வகையில் நேர்மைக்குத் திரும்பியது. குளிர்காலம் முழுதும் கஸ்பே கஸ்பே என்று சொல்லிவந்த கிஸ்லேன், கடையைப் பூட்டிவிட்டு ஒரு வார இறுதியில் கஸ்பேக்குப் போனாள், கடலை முறைத்துப் பார்த்தாள், திரும்பி வந்தாள். மீன்கடைக்காரர் அமெரிக்க எல்லை வரை சென்று, கடவுச்சீட்டு இல்லாமையால் எல்லைக்கோட்டில் முன்சக்கரத்தை மட்டும் வைக்க அனுமதி கேட்டு விசாரணைக்கு உள்ளானார். பள்ளி ஆசிரியை ஒருத்தி ஏதோ ஒரு குறும்பில் நாட்டின் மறுகோடியிலுள்ள வான்கூவர் என்று சொல்லித் தொலைத்திருந்தாள். அவள் இப்போது பள்ளிக்குப் பேருந்தில் போய்வருகிறாள்.

ஓவீத்துக்கு மட்டும் அத்துன்பம் நேரவில்லை. அவருடைய பொய்கள் அனைத்தும் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தன. ஏனெனில் வண்டி அவரை அறியாது. அது அறிந்தது கான்ராடை. கான்ராட் வாங்கிய நாள் முதல் மாலைதோறும் வீடு என்று சொல்லி வீட்டுக்கே சென்று சேர்ந்தவர். அத்தகைய நேர்மையாளரை ஐயுறுவதற்கு வண்டியிடம் காரணம் ஏதுமில்லை.

"வீட்டுக்குச் செல்வோமா, கான்ராட்?" என்று மாலையில் அது கேட்கும்.

"செல்வோம்," என்பார் ஓவீத்.

இருக்கைக்கு அடியில் மின்கலம் மெல்ல முனகிச் சூடேறும். மளிகைக்கடையின் பின்னால் மின்னேற்றிக்கொண்டு, ஆற்றங்கரையில் உள்ள தம் வீட்டுக்குப் போய்விடுவார். நாளடைவில் அப்பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. முதியோர் இல்லமொன்றில் யாரோ "கான்ராட்!" என்று வேறொருவரை அழைத்தபோது, கையிலிருந்த செவிக்கருவியை நழுவவிட்டு "இதோ" என்று சொன்னார். இருக்கையை முன்னுக்கு இழுப்பதையும் நிறுத்திவிட்டார். காலை நீட்டி ஓட்டப் பழகிக்கொண்டார்.

ஆற்றைப் பற்றியும் இவ்விடத்தில் கூறியாக வேண்டும். முற்காலத்தில் குளிர்காலம் வந்தால் ஆறு உறையும். சேன்-ஃபிதேல் கரையிலிருந்து பெல்-ரீவ் கரைவரை பனிக்கட்டியின் மீதே சாலை அமைப்பார்கள். இருபுறமும் சிறு ஊசியிலை மரங்களை நட்டு வழியைக் குறிப்பார்கள். அண்மை ஆண்டுகளில் ஆறு உறைவதை நிறுத்திவிட்டது. கரையோரம் மட்டும் வெளுத்து, நடுவில் கருநீர் ஆவி கக்கிக்கொண்டு ஓடும். வழிகாட்டியின் வரைபடத்தில் மட்டும் பனிச்சாலை இன்றும் திறந்தே இருந்தது. ஓவீத்தின் வீடு அச்சாலை தொடங்கிய இறக்கத்தின் அருகில் அமைந்திருந்தது. அவர் வாசலில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம், "நேராகச் செல்க," என்று குரல் நீரைக் காட்டிச் சொல்லும். அவர் அணைத்துவிட்டு இறங்குவார். அணைத்த பின்னும் திரை, வண்டி பனிச்சாலையின் மீது நிற்பதாகக் காட்டிச் சிறிது நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

ஈஸ்டர் நெருங்கிய ஒரு நண்பகலில், கிஸ்லேனின் கடைக்குள் முதிய பெண்மணி ஒருவர் நுழைந்தார். நல்ல கம்பளி மேலங்கி, உதட்டுச்சாயம், கையில் கைப்பேசியை மெழுகுதிரிபோல் முன்னே ஏந்தியிருந்தார். எதையும் வாங்கவில்லை.

"வெளியில நிக்குற நீல வண்டி யாரோடது?"

"என்னோடதுங்க மதாம்," என்றார் ஓவீத், வாயில் உருளைக்கிழங்கோடு.

அவர் ஓவீத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பார்த்து முடித்ததும் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது.

"இவ்வளவு குள்ளமா இருக்கீங்களே," என்றார்.

அவர் பெயர் பியெரெட் துகே, கான்ராடின் மனைவி. வண்டியைக் கண்டுபிடித்த முறையைத் தாமே விளக்கினார்: "ஃபோன்ல ஒரு புள்ளி வருது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டு, பாலத்தைச் சுத்திக்கிட்டு, புள்ளியைப் பாத்துட்டே வந்தேன்." பின்பு கைப்பேசியை மேசைமீது வைத்தார். ஓவீத்தும் கிஸ்லேனும் குனிந்து படித்தார்கள்.

*கான்ராட் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். பதினொரு நிமிடத்தில் வந்துவிடுவார்.*

*கான்ராட் வழியில் சிறிது நின்றிருக்கிறார்.*

*கான்ராட் ஆற்றின் நடுவே நிற்கிறார்.*

அவருடைய விரல் திரையை மேலே தள்ளத் தள்ள, அம்மூன்று செய்திகளும் அதே வரிசையில் வந்துகொண்டே இருந்தன. குளிர்காலம் முழுதும். மாலைதோறும்.

கிஸ்லேன் கரண்டியைக் கீழே வைத்தாள். "தெய்வமே. டேய், என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? பேட்டரி சூடாகணும்னு சும்மா ஆமான்னு சொன்னேன்!"

"அவரு இருந்தப்போ போட்ட ஏற்பாடு," என்றார் பியெரெட். "அவர் கிளம்பினதும் எனக்குத் தகவல் வரும். நான் அடுப்புல சூப்பை வைப்பேன். அவர் போனப்புறம் நின்னு போச்சு. நீங்க வாங்கினதும் மறுபடி ஆரம்பிச்சிருக்கு. எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு மிஸ்யூ. அவர் வரமாட்டார்னு தெரியும். நானேதானே அடக்கம் பண்ணினேன். ஆனா செய்தி வந்ததும் கை தன்பாட்டுல சூப்பை அடுப்புல வைக்குது. அப்புறம் ஆத்துல நிக்கிறார்னு வரும். ஜன்னல்கிட்ட போய் நின்னா, கறுப்பா தண்ணி ஓடிட்டிருக்கும். எவ்வளவு நேரம்தான் பாக்குறது?"

"மெசேஜை நிறுத்திவிடலாமே மதாம்," என்றாள் கிஸ்லேன் தணிந்த குரலில்.

"மக ஆப்பை அழிச்சா. எஸ்எம்எஸ்ஸா வந்துச்சு. அதைத் தடுத்தா, ஃபோன் அடிச்சு ஒரு பொண்ணு சொல்றா. ஒரு நாள் ஃபோனையே அணைச்சு வச்சேன்." அவர் மேலங்கியின் பொத்தானைத் திருகினார். "அது இன்னும் மோசம். தகவலும் இல்லாம ஆத்துல நிக்கிறாரேன்னு இருந்துச்சு. அதான் எல்லாத்தையும் பழையபடி போட்டு வச்சுட்டேன்."

சென்ற வாரம் மொன்றியாலிலிருந்து மகள் வந்திருந்தாள். மேசையில் இரண்டு தட்டுகளைக் கண்டாள். தாய்க்கு மனம் பிறழத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்து, முதியோர் இல்லத்தில் இடம் பதிவு செய்துவிட்டுப் போனாள். ஈஸ்டருக்குப் பின் வீடு விற்பனைக்கு வரும். பியெரெட் அந்த இல்லத்தின் பெயரைச் சொன்னதும் ஓவீத் தலையைக் குனிந்துகொண்டார். அங்கே இதைவிடச் சிறிய காரணங்களுக்காக வந்து சேர்ந்தவர்களுக்கு அவர் செவிக்கருவி பொருத்தியிருக்கிறார். கருவி பொருத்தியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பது.

"இனிமே ஆமான்னு சொல்லமாட்டேன் மதாம். சத்தியமா," என்றார்.

அவர் வாக்குத் தவறவில்லை. அன்று மாலை வண்டி கேட்டபோது வாய் திறவாமல் ஓட்டினார். மறுநாள் பியெரெட் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைப் படித்துக் காட்டினார்: "கான்ராட் இன்னும் வீட்டுக்குப் புறப்படவில்லை. காரணம் தெரியவில்லை. நீங்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசிப் பார்க்கலாம்."

"வித்துடட்டுமா மதாம், வண்டியை?"

"வேண்டாம். வாங்குறவன் யாரோ. இப்பவாவது அது நீங்கதான்னு தெரியுது."

ஆகவே இருவரும் மொன்றியாலில் உள்ள நிறுவனத் தலைமையகத்துக்குச் சென்றார்கள். வழிகாட்டியின்படி ஓட்டியதில் இருமுறை குப்பைக்கிடங்கை அடைந்தார்கள். மூன்றாம் முறை, தலைமையகத்தின் மதிலில் ஊழியர் எவரோ அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்ததைக் கண்டார்கள்: "வருகையாளர்களே, வண்டி சொல்வதைக் கேட்காதீர்கள். வாசல் இடப்பக்கம்."

நம்பகத்துறை இயக்குநர் ஒரெல் ஷரெட் அவர்களை எழுந்து நின்று வரவேற்றார். இளஞ்சாம்பல் நிறக் கழுத்துச் சால்வை, சிறு கண்ணாடிக் கோப்பையில் கறுப்புக் காப்பி. அறையின் ஒரு சுவர் முழுதும் கண்டத்தின் வரைபடம். அதில் ஆயிரமாயிரம் ஒளிப்புள்ளிகள் ஊர்ந்தன.

"மதாம், உங்க கணவரைப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார் அவர். "எங்க மிக விசுவாசமான வாடிக்கையாளர். பயிற்சி வகுப்புல அவரைத்தான் உதாரணமாக் காட்டுறோம். தினமும் வீட்டுக்குத்தான் கிளம்புறார். வேற எந்தப் புருஷன் அப்படி?"

"அவர் செத்துட்டார்," என்றார் பியெரெட்.

"பரிவு மையத்துல அதைக் குறிச்சிருக்காங்க. ஆனா மதாம், எங்க அமைப்புல ஒரு பயணத்துக்கு மூணே நிலைதான். போய்ச் சேர்ந்தது, போயிட்டிருக்கு, தாமதம். நீங்க சொல்ற நிலைக்கு இடம் இல்ல. ஏன் இல்ல? எங்களுக்கு அது தேவைப்படல." அவர் வரைபடத்தைப் பெருமிதத்தோடு நோக்கினார். "நாங்க தொழில் தொடங்கின நாள்லேர்ந்து எங்க வாடிக்கையாளர் ஒருத்தர்கூட இறந்ததில்ல. இந்தத் துறையில வேற எந்த நிறுவனமும் அப்படிச் சொல்ல முடியாது."

"அப்ப என் புருஷன்?"

"நீண்ட தாமதம்."

"அந்த மெசேஜையாவது நிறுத்துங்க," என்றார் ஓவீத். "அவங்க வீட்டுக்காரர் ஆத்து நடுவுல நிக்கிறார்னு தினமும் வருது."

"பனிச்சாலையில நிக்கிறார். அது சட்டபூர்வமான நிறுத்தம்."

"பனிச்சாலையே இல்லைங்க! ஆறு உறையல. நான் அங்கதான் குடியிருக்கேன். கண்ணால பாக்குறேன்."

ஷரெட் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"மிஸ்யூ, நீங்க பாக்குறது ஒரு ஜன்னல் வழியா. நாங்க பாக்குறது விண்வெளியிலிருந்து. உறையலைன்னா ஆறு உறையலைன்னு எங்களுக்குத் தகவல் வந்திருக்கணும். வரலையே. நாளைக்கே யாரோ ஜன்னல் வழியாப் பாத்து மலை இல்லைன்னு சொல்வாங்க. எடுத்துட முடியுமா? வரைபடம்னா ஒரு கண்ணியம் வேணும். உலகத்தைப் பாத்து மாத்திட்டே இருந்தா அப்புறம் அதை யார் நம்புவாங்க?"

பியெரெட் கைப்பையைத் திறந்து மூடினார். அவருடைய குரல் உயரவில்லை.

"மிஸ்யூ ஷரெட். ஈஸ்டருக்கு அப்புறம் என்னை என் வீட்டைவிட்டு அனுப்பப் போறாங்க. எனக்குப் பைத்தியம்னு நினைக்கிறாங்க. எனக்கு இல்ல. உங்க வண்டிக்குத்தான் பைத்தியம். அதை யாரும் இல்லத்துல சேர்க்கலியே."

"மதாம், நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. எங்களைக் கல்நெஞ்சக்காரங்கன்னு நினைக்காதீங்க. வாழ்க்கையில நடக்குற எல்லாத்துக்கும் இங்க ஏற்பாடு இருக்கு. கல்யாணம் ஆனா வண்டி வாழ்த்துப் பாடும். குழந்தை பிறந்தா தாலாட்டு வேகத்துல போகும். நாய் வளர்த்தா ஜன்னலைத் தானா இறக்கும். வீடு மாறினா…"

"வீடு மாறினா?" என்றார் பியெரெட்.

"அது எங்களுக்குப் பெருமையான ஏற்பாடு. குடும்பத்துல ஒருத்தர் புது வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி, திரையில விரலை வச்சாப் போதும். பழைய வீடு அன்னிக்கே மறைஞ்சுடும். யாரையும் எதுவும் கேக்கமாட்டோம்."

சுவரில் புள்ளிகள் ஊர்ந்தன.

"அவர் வீடு மாறிட்டார்," என்றார் பியெரெட்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அட! இதை முதல்லயே சொல்லக் கூடாதா மதாம்? இவ்வளவு நேரம் செத்தார் செத்தார்னு சொல்லிட்டு! வாழ்த்துக்கள்! பெரிய வீடா?"

"சின்னதுதான். அவருக்குப் போதும்."

"அக்கம்பக்கம் எப்படி?"

"ரொம்ப அமைதியானவங்க."

"வண்டி நிறுத்த இடம்?"

"வாசல்வரைக்கும் போகும்."

ஷரெட் இருவர் கைகளையும் பற்றிக் குலுக்கினார். புதுமனைப் பரிசாக நிறுவனத்தின் சின்னம் பொறித்த கால்மிதி ஒன்றையும் அளித்தார். மாலையானதும் பிள்ளைகள் வீடு திரும்பாத தாய்மார்களுக்கும் இதே செய்திச் சேவையை விரிவுபடுத்தும் எண்ணம் இருப்பதாக மின்தூக்கி வரை உடன்வந்து விளக்கினார்.

வாகன நிறுத்தத்தில் பியெரெட் முன்னிருக்கையில் அமர்ந்ததும் அவ்விருக்கை உயிர்பெற்றது. வரும்போது அவர் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். இருக்கை முன்னோக்கி நகர்ந்து, முதுகை நிமிர்த்தி, இடுப்புப் பகுதியில் இதமாகச் சூடேறியது.

"வருக, பியெரெட்," என்றது குரல். "நெடுநாளாயிற்று."

அவர் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இடுப்பு வலின்னு அவர்தான் சொல்லி வச்சார்," என்றார். "போங்க மிஸ்யூ. கிளம்புங்க."

நெடிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு பெல்-ரீவை நோக்கிச் சென்றார்கள். பனிச்சாலைக்குத் திரும்புமாறு வண்டி பலமுறை வேண்டிற்று. அவருடைய கைப்பைக்குள் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் படித்தார்.

"கான்ராட் வழிமாறிச் செல்கிறாராம்."

"நிறுத்தட்டுங்களா மதாம்?"

"எதுக்கு? நான்தான் கூட இருக்கேனே."

கண்ணாடிகள் உயர்ந்தே இருந்தன. ஓவீத் அவற்றைத் தாழ்த்த முற்படவில்லை. பிற்பகல் வெளிச்சத்தில் ஆறு அவர்களுக்கு இணையாக ஓடிவந்தது. நடுவில் எவரும் நிற்கவில்லை என்பதை இருவரும் தனித்தனியே பார்த்து உறுதிசெய்துகொண்டார்கள்.

பெல்-ரீவின் கல்லறைத்தோட்டம் கோவிலுக்குப் பின்னால் மேட்டில் இருந்தது. வெண்பனியை ஒதுக்கி வண்டி செல்லுமளவு வழி விட்டிருந்தார்கள். பியெரெட் கைகாட்டிய இடத்தில் ஓவீத் நிறுத்தினார். சாம்பல்நிறக் கருங்கல், பனி அதன் பாதிவரை ஏறியிருந்தது. பியெரெட் இறங்கிச் சென்று, கையுறை அணிந்த கையால் கல்லின் முகத்தைத் துடைத்தார். இடப்பக்கம் கான்ராட் வெஸினா. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. வலப்பக்கம், அவ்வூர் வழக்கப்படி இருவருக்கும் சேர்த்தே செதுக்கப்பட்டிருந்தமையால், பியெரெட் துகே. பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, அதன்பின் வழவழப்பான வெற்றுக்கல்.

நிறுவனத்தின் கால்மிதியை ஓவீத் எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

பியெரெட் திரும்பி வந்து அமர்ந்தார். கையுறையைக் கழற்றினார். திரையில் வண்டி வெண்மையான வெளியொன்றின் நடுவே நின்றது.

"இது உங்கள் புதிய வீடா, கான்ராட்?"

அவர் விரலை வைத்தார்.

"வாழ்த்துகள். இனிய இல்லம் அமையட்டும்." தெருக் கடைசியில் இருந்த பழைய வீட்டுச் சின்னம் மங்கி மறைந்தது. கல்லறைத்தோட்டத்தின் மீது புதிய சின்னம் ஒன்று எழுந்து நின்றது. கைப்பையில் கைப்பேசி ஒருமுறை ஒலித்தது. *கான்ராட் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.* அவர் அதை இருமுறை படித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க, ஓசையின்றி அழுதார். ஓவீத் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு கேள்வி மட்டும்," என்றது குரல், கனிவு குன்றாமல். "புதிய வீட்டில் பியெரெட்டும் உங்களுடன் வசிப்பாரா?"

திரையில் இரண்டு கட்டங்கள் தோன்றின. இல்லை என்னும் சொல்லை அந்நிறுவனம் தன் வண்டிகள் எதிலும் பொறித்ததில்லை. ஒரு கட்டத்தில் *ஆம்* என்றிருந்தது. மற்றதில், *இப்போது வேண்டாம்.*

பியெரெட் கண்ணாடி வழியே கல்லில் இருந்த தம் பெயரைப் பார்த்தார். கோட்டையும், கோட்டுக்குப் பின்னிருந்த வெற்றிடத்தையும் பார்த்தார். விரல் சிறிது நேரம் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே நின்றது.

பின்பு மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவதை அழுத்தினார்.